காலா மோதியா என்றால் புரை அல்ல

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. வருஷா வருஷம் திருச்சியில் அண்ணன் வீட்டிலிருந்து வருவது. நாக்பூர்க் கடைகளில் கிடைக்கும் காலண்டரில் கிருத்திகையும் கரிநாளும் இருக்காது என்பதால் என் மனைவி அதைத்தான் மாட்டுவாள். 2019 நவம்பரில் ஒருநாள் காலை வலது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. கைக்குட்டையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் காலண்டரைப் பார்த்தபடி நின்றேன். நடுவில் 13ஆம் தேதி பளிச்சென்று தெரிந்தது. மேல் வரிசையில் வலது ஓரத்தில் இருக்க வேண்டிய 1, 2 ஆகிய இரண்டு தேதிகளையும் காணோம். அந்த இடம் கறுப்பாக இல்லை, மங்கலாகவும் இல்லை. யாரும் ஒன்றும் அச்சடிக்காத வெறும் காகிதம் போல இருந்தது. கைக்குட்டையை எடுத்தேன், தேதிகள் வந்துவிட்டன. மறுபடி மூடினேன், போய்விட்டன. காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பத்துத் தடவை இப்படிச் செய்து பார்த்திருப்பேன்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு 1981ல் ரயில்வே சிக்னல் இலாகாவில் சேர்ந்து, 2018ல் ஓய்வு பெற்றவன். ஆனால் போன பொங்கல் விழாவில் என் கண் விஷயம் பேச்சில் வந்தபோது, நம் சங்கத்து அன்பர்கள் மூன்று பேர், “மோதியாதானே சார், ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடுமே” என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் தவறானது, ஆபத்தானதும்கூட. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழப்பம் வார்த்தையில்தான் தொடங்குகிறது. நாம் கண்புரை என்கிறோமே, அதை ஹிந்தியில் மோதியாபிந்து என்பார்கள், சஃபேத் மோதியா என்றும் சொல்வதுண்டு. மராட்டியில் மோதிபிந்து. எனக்கு வந்தது கிளாக்கோமா, கண் அழுத்த நோய். அதற்கு ஹிந்தியில் காலா மோதியா, மராட்டியில் காச்பிந்து. இரண்டிலும் ‘மோதியா’ இருப்பதால், ஹிந்தியை அரைகுறையாகப் பிடித்துக்கொண்ட நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். என் மனைவியும் முதலில் அப்படித்தான், “முற்றட்டும், அப்புறம் எடுத்துக்கலாமாம்” என்று திருச்சிக்கு போனில் சொல்லிவிட்டாள்.

புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுத்துப் போவது. அந்த லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கலாம். ஹெரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டர் 1949ல் லண்டனில் முதன்முதலாக அப்படி வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் உள்ளேயே தொந்தரவில்லாமல் கிடந்ததைக் கண்டவர் அவர். மதுரை அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் 1992ல் ஆரோலேப் தொடங்கி அந்த லென்ஸை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்யவும், ஏழை எளியவர்களுக்கும் அது எட்டியது. புரையில் போன பார்வை பெரும்பாலும் திரும்பி வரும். கிளாக்கோமாவில் போன பார்வை வராது. எத்தனை பணம் கொடுத்தாலும், எந்த ஊருக்குப் போனாலும் வராது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. இது கண்ணீர் அல்ல, உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. ஒரு சொட்டு சேர ஏறத்தாழ இருபது நிமிஷம் ஆகும். லென்ஸைச் சுற்றியுள்ள ஓரத்தில் சுரந்து, கண்மணியின் வழியே முன்னால் வந்து, கருவிழி ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வடிகாலில் இறங்கி, ரத்தத்தோடு கலந்துவிடுகிறது. மேல்தொட்டியில் தண்ணீர் விழும் குழாய் திறந்தபடியே இருந்து, வெளியேறும் வழி மட்டும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கண்ணிலும் அதேதான், ஆனால் வழிந்து ஓட இடமில்லை என்பதால் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பின்சுவரில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தை வருஷக்கணக்கில் நெருக்குகிறது. அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். நாங்கள் தண்டவாளத்து ஓரம் புதைத்த கேபிளில் 12 கோர், 24 கோர் இருந்தாலே, கோளாறு வந்த நாளில் பிரித்துப் பார்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அளவு சொல்வது பாதரச மில்லிமீட்டரில். 10 முதல் 21 வரை சாதாரணம் என்பது வழக்கமான கணக்கு. வாக்குவம் பிரேக் காலத்தில் எஞ்சினில் 53 சென்டிமீட்டர் காட்டுகிறதா என்று பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்த அளவு புதிதல்ல. ஆனால் ஒன்று: 21க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு, அதற்கு மேலே இருந்தும் வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. ஆகவே ‘பிரஷர் பார்த்தாச்சு, நார்மல்’ என்பதோடு விட்டுவிடக் கூடாது. நரம்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதில் என்னை மிகவும் சங்கடப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. சிக்னல் இலாகாவில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது, எது கெட்டாலும் சிக்னல் சிவப்புக்குப் போக வேண்டும் என்பதுதான். கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும் ரிலே விழுந்து சிவப்பு விழும். ரயில் தாமதமாகும், திட்டு வாங்குவோம், ஆனால் உயிர் போகாது. கெட்டுப்போன கருவி பச்சை காட்டினால் அதுதான் எங்களுக்குப் பெரிய குற்றம், மேலிடத்திலிருந்து விசாரணை வரும். கண் அப்படிக் கெடுவதில்லை. நரம்பு இழைகள் அறுந்த இடத்தில் மூளை கறுப்பைக் காட்டுவதில்லை. சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிடுகிறது. சுவரானால் சுவர், காகிதமானால் காகிதம். சாலையானால் காலிச் சாலை, அதில் வரும் சைக்கிள்காரர் இல்லை. போதாததற்கு ஒரு கண்ணின் ஓட்டையை மற்றக் கண் மூடிவிடுகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிவது இல்லை. எல்லாம் பச்சைதான்.

“ரயில்வேயில் அடிக்கடி கண் டெஸ்ட் செய்வார்களே, அதில் தெரியவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சர்வீஸ் முழுக்க எனக்குப் பார்வை 6/6. புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கும் இஷிஹாரா புத்தகத்தையும், விளக்குப் பெட்டியில் நிறம் சொல்லும் சோதனையையும் தவறாமல் தாண்டினேன். ஆனால் எழுத்துப் பலகை நடுப்பார்வையைத்தான் அளக்கும், நிறச் சோதனை நிறத்தைத்தான் அளக்கும். கிளாக்கோமா பெரும்பாலும் நடுவைக் கடைசியில்தான் தொடும். அதுவரை பொடி எழுத்துப் பேப்பர்கூடப் படிக்கலாம். (இந்த நிறச் சோதனை ரயில்வேக்கு வந்ததே ஒரு கதை. 1875ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரன் என்ற பேராசிரியர் கம்பளி நூல்களை வைத்து ஊழியர்களைச் சோதிக்க ஆரம்பித்தார். அந்த விபத்துக்கு அதுதான் காரணமா என்று பிற்காலத்தில் சந்தேகம் எழுப்பியவர்கள் உண்டு. ஆனாலும் சோதனை உலகம் முழுக்கப் பரவி நிலைத்துவிட்டது.)

என் தவறு வேறு. 2016ல் அண்ணனுக்கு இந்த நோய் என்று தெரிந்தது. அன்றே பொன்மலையிலிருந்து போன் செய்தார். “தம்பி, கூடப் பிறந்தவங்களுக்கும் வருமாம். நீயும் போய்ப் பாத்துடுப்பா” என்றார். “ஊருக்கு வரும்போது பார்த்துக்கறேன் அண்ணே” என்றேன். வெளியூரில் வாழும் நம் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. பல், கண், முழங்கால் எல்லாவற்றையும் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப் போடுவோம். ஊருக்குப் போனால் கல்யாணம், கருமாதி, கோயில், அப்புறம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் திரும்பல். மூன்று வருஷம் அப்படியே போயிற்று. கூடப் பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ இருந்தால் மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு அதிகம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காலண்டர் சமாசாரத்துக்கு மறுநாள் இங்கேயே ஒரு கண் டாக்டரிடம் போனேன். மராட்டிப் பெண், என் மகள் வயது. என்னை “காகா” என்று கூப்பிட்டார். மராட்டியில் அது சித்தப்பா. நாற்பது வருஷம் ஆகியும் எனக்கு அது காக்கையைத்தான் நினைவூட்டுகிறது.

முதலில் மரத்துப்போகச் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல விளக்கின் கீழ் ஒரு சிறு கூம்பைக் கண்ணில் மெதுவாக அழுத்தி அளந்தார். வலி கிடையாது. சில இடங்களில் காற்றை ஊதி அளப்பார்கள். அது முதல் வடிகட்டலுக்குச் சரி, முடிவு சொல்வது இந்தக் கூம்பு முறையில்தான். வலது 22, இடது 28. பிறகு கருவிழியின் தடிமனை அளந்தார். விழி மெல்லிசாக இருந்தால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தடித்திருந்தால் கூட்டிக் காட்டும். கேஜைத் திருத்திப் படிக்கும் கணக்குப் போலத்தான். அடுத்து, ஒரு கண்ணாடி லென்ஸைக் கண்மேல் வைத்து வடிகால் மூலை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்தார். எனக்குத் திறந்துதான் இருந்தது, சல்லடைதான் சரியாக வடிக்கவில்லை. கடைசியில் கண்மணியை விரியவைத்து நரம்பின் தலையைப் பார்த்தார். அது ஒரு தட்டு, நடுவில் ஒரு குழி. இழைகள் அழிய அழியக் குழி பெரிதாகும். இடது கண்ணில் தட்டின் பத்தில் எட்டுப் பங்கு குழியாக இருந்தது. 1851ல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைப் பற்றி எழுதி வெளியிடும் வரை உயிரோடிருக்கும் மனிதரின் இந்த நரம்பை யாராலும் சரியாகப் பார்க்க முடியவில்லை. பார்வை போன பிறகுதான் நோய் தெரியும். இன்றும் பார்க்காவிட்டால் அதே கதைதான்.

பார்வைப் பரப்புச் சோதனை மறுநாள். பாதிக் கோளம் போன்ற வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகவாயை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்குமிங்கும் சிறு வெளிச்சம் மினுக்கும், தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். கண்ணை அலையவிடக் கூடாது. எனக்கு ஸ்டேஷன் பேனல் முன் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. தெரிந்தவற்றுக்கெல்லாம் அழுத்தினேன், நன்றாகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன். காகிதம் வெளியே வந்ததும் பார்த்தால், இடது கண் படத்தில் மேலே மூக்குப் பக்கம் வில் போல வளைந்த கறுப்புப் பட்டை. காலண்டரின் 1, 2 இருந்த அதே இடம். வலது கண்ணில் சிறு கறை மட்டும். இந்தச் சோதனை முதல் தடவை எல்லோருக்கும் கொஞ்சம் தவறும், இரண்டாம் முறை செய்துதான் நம்ப வேண்டும். எனக்கு இரண்டாம் முறையும் அதே வில்தான்.

வைத்தியம் எளிது. இரவு படுக்குமுன் இரண்டு கண்ணிலும் லாட்டனோபிராஸ்ட் ஒரு சொட்டு. ஆறு மாதம் கழித்துக் காலையில் வேறொரு சொட்டும் சேர்ந்தது. டிமலால் என்ற சொட்டு பரவலாகக் கொடுக்கப்படுவது. ஆஸ்துமாவோ இதயத் துடிப்பு மந்தமோ இருந்தால் அதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணில் விட்டாலும் உடம்பில் சேரும். சொட்டு போதாதவர்களுக்கு லேசர் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் புதிய வடிகால் வெட்டும் அறுவை உண்டு. எதுவானாலும் இருப்பதைக் காப்பாற்றத்தான், இழந்ததை மீட்க அல்ல.

சொட்டு விடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரக் கண் மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போய்விடும். இரண்டு மருந்தானால் நடுவில் ஐந்து நிமிஷமாவது இடைவெளி வேண்டும், இல்லையேல் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். எனக்குக் கை நடுங்குவதால் மனைவிதான் விடுகிறாள். சீரியல் முடிந்ததும் பாட்டிலோடு வந்து நிற்பாள். “என்னங்க, தலையைத் தூக்குங்க” என்பது எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரை மணி.

அண்ணன் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியவந்தபோதே வலது கண் முக்கால்வாசி போயிருந்தது. நான்கு மாதம் சொட்டு விட்டார். பார்வை கொஞ்சமும் கூடவில்லை. கண் சிவந்து உறுத்தியதுதான் மிச்சம். மாதாமாதம் மருந்துச் செலவு வேறு. “ஒரு முன்னேற்றமும் இல்லாத மருந்துக்கு எதுக்குச் செலவு” என்று நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், அவருக்குத் தெரிந்த மருந்தெல்லாம் சாப்பிட்டால் குணம் தெரிகிற மருந்து. இது அப்படியல்ல, ஒன்றும் மாறாமல் இருப்பதே இதன் குணம் என்று யாராவது அவருக்கு உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். நானாவது கேட்டிருக்க வேண்டும், நான் போனில் கேட்டதெல்லாம் மழை பெய்ததா என்பதுதான். 2021ல் போனபோது, வாசல் திண்ணையில் இருந்தவர் என் குரல் கேட்ட பிறகுதான் திரும்பினார். இப்போது இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் தெரிகிறது. எதிரில் இருப்பவர் முகம் தெரியும், காலடியில் இருக்கும் செம்பு தெரியாது. அண்ணிதான் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்.

தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்திலும் சென்னைப் பக்கத்திலும் நடந்த கணக்கெடுப்புகளில், இந்த நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே அதுவரை தெரியாமல் இருந்தது. கண் மருத்துவத்துக்குப் பேர்போன நம் பக்கத்திலேயே இப்படி.

எனக்கு வந்த வகை மெதுவாக வருவது. வேறொரு வகையில் வடிகால் மூலையே மூடிக்கொள்ளும், ஆசியக்காரர்களுக்கு இது கூடுதல். சில சமயம் திடீரென்று மூடும்: ஒரு பக்கம் கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவந்து பார்வை மங்கல். ஒற்றைத் தலைவலி என்றோ பித்தம் என்றோ எண்ணி மாத்திரை போட்டுப் படுத்துவிடக் கூடாது. மணிக்கணக்கில் பார்வை போகும். அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். லேசரால் சிறு துளை போட்டு வழி திறப்பார்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். இங்கே தூசியும் வெயிலும் அதிகம், குழந்தைகளுக்குக் கண் அரிக்கிறது. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு சொட்டு கொடுக்கிறார், மறுநாளே சிவப்பு மறைகிறது. நல்ல மருந்து என்று தாய்மார்கள் வருஷக்கணக்கில் அதையே வாங்குகிறார்கள். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தொடர்ந்து விட்டால் பலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், சின்னப் பிள்ளைகளுக்கும்தான். டாக்டர் எழுதி, அவரே அழுத்தம் பார்த்துக்கொண்டு கொடுத்தால் அது வேறு விஷயம். கடையில் கேட்டு வாங்குவது கூடாது. வீட்டில் இருக்கும் பாட்டில்களை இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இரண்டு ஊரில் கால் வைத்திருக்கும் நமக்கென்று சில விஷயங்கள். முதல் நாள் எடுத்த பார்வைப் பரப்புப் படம், நரம்புப் படம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு ஊருக்கும் எடுத்துப் போங்கள். நோய் நகர்கிறதா நிற்கிறதா என்பது பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். புது டாக்டரிடம் வெறுங்கையோடு போனால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரயிலில் போகும்போது சொட்டு கைப்பையில் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள் அல்ல. திறக்காத லாட்டனோபிராஸ்ட் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் மே மாத நாக்பூரில் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். திறந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதிவிடுங்கள். பிரயாண நாளானாலும் விரத நாளானாலும் சொட்டு நிற்கக் கூடாது.

நாற்பது வயது தாண்டியவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது காட்டிக்கொள்வது நல்லது. வீட்டில் யாருக்காவது இருந்தால் வருஷா வருஷம். கண்ணாடி நம்பர் பார்ப்பது இதில் சேராது. அழுத்தமும் நரம்பும் பார்க்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள். புனேயில் இருக்கும் என் மகள் போன மாதம் காட்டினாள். இரண்டு கண்ணும் 16, நரம்பு சரியாக இருக்கிறது, அடுத்த வருஷம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். கோரக்பூரில் இருக்கும் தங்கை இன்னும் ‘ஊருக்குப் போகும்போது’ என்கிறாள். வாரம் ஒரு போன் செய்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் இடது கண்ணின் வில் 2019ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வலது கண்ணின் கறையும் வளரவில்லை. ஸ்கூட்டரை விற்றுவிட்டேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மாமியார் யாருக்காவது ஹிந்தியில் டாக்டரிடம் சொல்லத் தெரியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க நூலகத்தில் இருப்பேன், நாள் குறித்துக்கொண்டு கூட வருகிறேன். காலையில் போனால் கூட்டம் குறைவு. கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவார்கள், திரும்பும்போது வெயில் கூசும், ஆகவே ஒரு கறுப்புக் கண்ணாடியும் கொண்டு வரச் சொல்லுங்கள்.